பம்ப் வராத கை

மாவுக்கட்டை வெட்டிப் பிரித்ததும் வெளியே வந்த கை என்னுடையது மாதிரியே தெரியவில்லை. தோல் வெளுத்துப்போய்ச் செதில் செதிலாக உரிந்தது. காயாத துணி வாடை அடித்தது. அதெல்லாம் நாலு தரம் குளித்தால் போய்விடும் என்று தெரியும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சதை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாததுதான் என்னைத் திகைக்க வைத்தது. இடது கை பழையபடியே இருந்தது. வலது கையை யாரோ ஒல்லியான ஆளிடம் இரவல் வாங்கி மாட்டிவிட்டது போல இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அது. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீடு. செங்கல்பட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரு மழைநாள் காலையில் பைக்கில் வேலைக்குப் போகும்போது, ஏரிக்கரைத் திருப்பத்தில் நாய் குறுக்கே ஓடியது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வலது மேல்கை எலும்பு முறிந்தது. எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். அதைக் கேட்டு அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். என் கண் மட்டும் அந்த மெலிந்த கையை விட்டு நகரவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க என்னை ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் அனுப்பினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பேசிக்கொண்டே வேலை செய்வார், வேலை செய்துகொண்டே அதட்டுவார். முழங்கைக்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் டேப் சுற்றி இரண்டு கைகளையும் அளந்தார்.

"வித்தியாசம் நிறைய இருக்கே மேடம்," என்றேன்.

"இத்தனை நாள் வேலையே இல்லாம கிடந்துச்சு. சும்மா கிடக்கிற கைக்கு உடம்பு எதுக்கு சார் சோறு போடணும்? வேலை குடுங்க, திரும்பி வரும்."

ரப்பர் பந்தை அழுத்துவதில் ஆரம்பித்து, மணல் பையைக் கட்டித் தூக்குவது வரை சொல்லிக் கொடுத்தார். கை முழுசாக மடங்கி நீள ஆரம்பித்ததும், "இனிமே ஜிம்முக்கே போகலாம். ஆனா அவசரப்படாம, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்," என்று அனுப்பி வைத்தார்.

அதுவரை ஜிம் பக்கம் நான் தலைவைத்துப் படுத்தது இல்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு மரவாடிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் ஒரு ஜிம் இருந்தது. பட்டறையில் வெல்டிங் செய்த பெஞ்சுகள், துருப்பிடித்த பிளேட்டுகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அங்கே எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிட்ட மனிதர் ஒரு காலத்தில் பாடி பில்டிங் போட்டிகளில் நின்றவர். இப்போது தொப்பை விழுந்திருந்தாலும், அவர் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் குறையும். அத்தனை அகலத் தோள்.

அங்கேதான் எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் எலக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி, டிபன் பையோடு நேராக ஜிம்முக்கு வருவான். வந்த முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துக்கொள்வான். முடித்துக் கிளம்பும்போது இன்னொரு முறை பார்ப்பான். இரண்டாவது தடவை முகத்தில் வேறு ஒரு சிரிப்பு இருக்கும்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் எனக்கு முதல் வாரத்திலேயே புரிந்தது. சிறிய டம்பெல்லை எடுத்து இடது கையால் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு கைக்குள் எரிச்சல் மாதிரி ஒன்று கிளம்பியது. விடாமல் இன்னும் கொஞ்சம் செய்தேன். டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால், கை உப்பிப்போயிருந்தது. தோல் சூடாக, விறைப்பாக. உள்ளிருந்து யாரோ காற்றடித்தது போல. பனியன் கை இறுக்கியது. மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு நரம்பு ஓடியது. அப்படியொரு நரம்பு எனக்கு இருப்பதே அன்றுதான் தெரியும்.

"வந்துச்சா பம்ப்?" என்று பக்கத்து பெஞ்சிலிருந்து நண்பன் கேட்டான். "பாத்தியா மச்சான். இது வந்துகினு இருந்தா கை வளந்துகினு கீதுன்னு அர்த்தம். ரத்தம் பூந்து சதைய அப்டியே தள்ளும்."

உடனே டம்பெல்லை வலது கைக்கு மாற்றினேன். எனக்கு வேண்டியதே அதுதானே. இடது கையை வளர்க்கவா நான் வந்தேன்? ஆனால் வலது கை ஏழெட்டுத் தடவைக்குள் நடுங்க ஆரம்பித்தது. எரிச்சல் இல்லை, சூடு இல்லை, இறுக்கம் இல்லை. நடுக்கம் மட்டும். பிறகு அது தூக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் தொடங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மாஸ்டர் வந்து மெலிந்த கையைத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார்.

"ரத்தம் வர்ல தம்பி. வராத எடத்துல இன்னா வளரும்? மொதல்ல ரத்தத்த வரவழ."

எப்படி வரவழைப்பது? இன்னும் லேசான எடையை எடு, நிறையத் தடவை செய் என்றார். செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையையே நினைத்துக்கொள் என்றான் நண்பன். அதையும் செய்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு ஜிம்முக்குப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் இடது கை கேட்காமலே உப்பியது. வலது கை பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. கூடவே, பிசியோ அம்மா சொன்னாரே என்று, தினமும் கடைசியில் வலது கையால் கொஞ்சம் கனமான டம்பெல்லை நாலைந்து தடவை சிரமப்பட்டுத் தூக்குவேன். அது எனக்கு ஒரு கடமை மாதிரி. ஒன்றும் தெரியாது, ஒன்றும் வராது. செய்து முடித்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். முழுக்கைச் சட்டைதான். அரைக்கைச் சட்டைகளை எல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். பிசியோ அம்மா திரும்ப வந்து காட்டச் சொல்லியிருந்தார். ஒரு காலையில், அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் போனேன். அதே இடத்தில் புள்ளி வைத்து அளந்தார்.

"பரவாயில்லையே. நல்லா ஏறியிருக்கு."

"எது மேடம்? இடதா?"

"இடது அப்படியேதான் இருக்கு. வலதுதான் ஏறியிருக்கு. நீங்களே பாருங்க."

டேப்பைப் பார்த்தேன். சந்தேகமாக இருந்தது. திருப்பி ஒரு முறை அளக்கச் சொன்னேன். அலுத்துக்கொண்டே அளந்தார். அதேதான் வந்தது.

"மேடம், இடது கைக்குத்தான் தினமும் ரத்தம் ஏறி உப்புது. வலதுக்கு ஒண்ணுமே வரல. பம்ப் வந்தாத்தான் வளரும்னு சொல்றாங்களே."

அவர் சிரித்தார். "செய்யும்போது ரத்தம் வேகமா உள்ள வருது, வெளியே போற வழி நெருக்குப்படுது, தண்ணியும் சேர்ந்து சதைக்குள்ள தேங்குது. ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடும். வளர்றதுங்கறது வேற விஷயம் சார். அது ராத்திரியும் பகலுமா, சாப்பாட்டுலயும் தூக்கத்துலயும் மெதுவா நடக்குது."

"அப்போ பம்புக்கும் வளர்றதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

டேப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். "சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது தெரியாது. உங்க வலது கை ஏற்கெனவே இருந்த சதையைத்தான் திருப்பி எடுத்துக்குது, அது சீக்கிரம் வரும். கனத்தை ஏத்திக்கிட்டே போங்க."

சாயங்காலம் இதை அப்படியே ஜிம்மில் சொன்னேன். மாஸ்டருக்கு முகம் மாறியது. டிராயரிலிருந்து தன்னுடைய டேப்பை எடுத்தார். நான் அப்போதுதான் இடது கைக்கு மூன்று செட் முடித்திருந்தேன். அளந்தார். இடது கை காலையில் இருந்ததைவிட அரை விரல் அகலம் அதிகம். வலது கை காலையில் பார்த்த அதே அளவு.

"இப்ப இன்னா சொல்ற? எது வளந்துகீது?" என்றார் மாஸ்டர்.

இரண்டு டேப்பும் பொய் சொல்லவில்லை. காலையில் இருக்கிற கைதான் நிஜமான கையா, சாயங்காலம் இருப்பதா? மாஸ்டர் கண்ணால் பார்க்கிறதைச் சொல்கிறார். அந்த அம்மா படித்ததைச் சொல்கிறார், ஓர் எல்லைக்கு மேல் தெரியாது என்றும் சொல்கிறார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் இடது கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது அது சாதாரணக் கையாகிவிட்டிருந்தது.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மாமல்லபுரத்தில் போட்டி நடக்கும் வரை.

மாவட்டத்து ஜிம்கள் சேர்ந்து அங்கே ஒரு பாடி பில்டிங் போட்டி வைத்தார்கள். கடற்கரைக்குப் பக்கத்துத் திடலில் மேடை. எங்கள் ஜிம்மிலிருந்து நண்பன் நின்றான். எண்ணெய் தடவிவிட, துண்டு பிடிக்க, கூட ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நாளாகவே அவன் பாதிச் சோறுதான் சாப்பிட்டான், தண்ணீரையும் குறைத்திருந்தான். முகம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ஜிம் கண்ணாடி முன்னால் நின்றபோது, நிஜமாகவே பிரமாதமாக இருந்தான். மாஸ்டரே மெச்சித் தலையை ஆட்டினார்.

மதியத்துக்கு மேல் போட்டி என்றார்கள். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய இடத்தில் எல்லாரும் கையை உப்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செங்கல்லைத் துணியில் கட்டித் தூக்கினான். ஒருவன் சைக்கிள் ட்யூபை மிதித்துக்கொண்டு இழுத்தான். என் நண்பன் தண்டால் எடுத்தான், கொண்டுவந்த டம்பெல்லில் கையை மடக்கினான். ஏறியது. எண்ணெய் தடவினேன், தோள்கள் பளபளத்தன. "சூப்பர்டா, அப்படியே போ," என்றேன்.

அப்போது மைக்கில், தலைமை தாங்க வேண்டியவர் இன்னும் வரவில்லை, சற்றுப் பொறுத்திருக்கவும் என்று அறிவித்தார்கள்.

பொறுத்திருந்தோம். ஏறினது இறங்கியது. வந்துவிட்டார் என்று யாரோ சொன்னதும் திரும்ப ஏற்றினான். வந்தது வேறு யாரோ. அது இறங்கியது. மூன்றாவது முறை ஏற்றும்போது கை நடுங்கியது. வெயில் சாய்ந்து கடல் காற்று வேறு ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் பூசின வெற்று உடம்பில் காற்று பட்டு அவனுக்குச் சிலிர்த்தது. நேற்று மேல்கையில் கயிறு மாதிரி ஓடின நரம்புகளைத் தேடினேன், காணோம்.

"இன்னாடா இது, வர மாட்டேங்குது," என்றான். பயந்துபோயிருந்தான். "தண்ணி குட்றா. வேணாம், குடிக்கக் கூடாது. இல்ல, குடு."

பக்கத்தில் மதுராந்தகத்துப் பையன் ஒருவன் இந்தக் களேபரம் எதிலும் கலக்காமல், போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால்தான் எழுந்து கையை அசைத்தான். அவனுக்குத்தான் கோப்பை கிடைத்தது. என் நண்பனுக்கு முதல் சுற்றோடு சரி. மேடையில் அவனைக் கீழேயிருந்து பார்த்தேன். வேறு யாரோ ஒரு சாதாரண ஆள், எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மணலில் போய் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். மணலைக் கையால் அளைந்துகொண்டே, "மச்சான், நேத்து கண்ணாடில பாத்தியே, அது நான்தான?" என்றான்.

"நீதான்டா."

"அப்ப இன்னிக்கி மேடைல நின்னது யாரு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று என் முகத்தையே பார்த்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் ஜிம்முக்கு வரவில்லை. வந்தபோது வேறு ஆளாக வந்தான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய எடையை ஐந்தாறு தடவை மட்டும் தூக்குவான். நன்றாக ஓய்வெடுப்பான், மறுபடி தூக்குவான். பம்ப் என்ற வார்த்தையே அவன் வாயிலிருந்து வரவில்லை. மாஸ்டர் "இன்னாபா மூட்ட தூக்க பழகுறியா?" என்று சீண்டினார். மாதம் ஆக ஆக அவன் தூக்கும் எடை ஏறிக்கொண்டே போனது, கையும் கொஞ்சம் கனத்தது. பம்ப் இல்லாமலே வளர்ந்திருந்தான். ஆக அந்த அம்மா சொன்னதுதான் சரி என்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அப்போது பார்த்து அவன் திரும்பவும் சிறிய டம்பெல்லைக் கையில் எடுத்தான்.

"ஏன்டா? நல்லாத்தானே வளந்துகிட்டு இருக்கே?"

"வளருது மச்சான். ஆனா ஜிம்முக்கு வரவே பேஜாரா கீது. வேல முட்ச்சி ட்ரெயின்ல நின்னுகினு வரேன், இங்க வந்து ஒரு சொகமும் இல்லன்னா கால் நேரா வூட்டுக்குப் போவுது. அந்த பம்ப் வந்தாத்தான் நாளைக்கு வரணும்னு தோணுது."

நான் கட்டி வைத்திருந்த முடிவு அதோடு கலைந்தது. பம்ப் சதையை வளர்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அது மனுஷனை ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது. வந்தால்தான் எடை தூக்குவான், தூக்கினால்தான் வளருவான். அப்படியானால் வளர்த்தது எது?

என் கை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காஸ் தீர்ந்துபோய், அம்மா புது சிலிண்டரை எடுத்து வரச் சொன்னார். வராந்தாவிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தேன். அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"எந்தக் கையாலடா தூக்கின?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வலது கை. யோசிக்காமல் அதுவாகவே போய்ப் பிடித்திருந்தது. அம்மா என் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பார்த்தார். இடது கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாயிடுச்சேடா," என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரத்தில்தான் அது நடந்தது. வழக்கம்போல வலது கைக்கு இரண்டாவது செட் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று உள்ளே சூடு பரவி, எரிந்து, கை விண்ணென்று உப்பியது. நான் ஏங்கி ஏங்கிக் காத்திருந்த பம்ப். "மாஸ்டர்!" என்று கத்திவிட்டேன். நண்பன் ஓடி வந்து கையை அழுத்திப் பார்த்துக் கொண்டாடினான்.

"நான் சொன்னேன் இல்ல? ரத்தம் வந்துச்சி பாரு, இனிமே ஜம்முனு வளரும்," என்றார் மாஸ்டர்.

இனிமேல் என்ன வளர்வது? கை ஏற்கெனவே வளர்ந்து முடித்துவிட்டதே. பம்ப் வந்த பிறகு கை வளரவில்லை, கை வளர்ந்த பிறகு பம்ப் வந்தது. கை கொஞ்சம் தேறி, விடாமல் வேலை செய்யும் அளவுக்குத் தெம்பு வந்ததால்தான் ரத்தம் அங்கே தேங்க ஆரம்பித்ததோ என்னவோ. இதை மாஸ்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். டம்பெல்லை எடுத்து மூன்றாவது செட்டை ஆரம்பித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து, எனக்கும் கல்யாணமாகி, சென்னைக்குத் தெற்கே படூரில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தேன். வேலை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியின் நிர்வாகப் பிரிவில். கேளம்பாக்கத்தில் புதிதாக ஏ.சி. ஜிம் ஒன்று திறந்திருந்தார்கள். சேர்ந்தேன். அங்கே டிரெய்னர் ஒரு இளைஞர், உடற்கல்வி படித்தவர். பேச்சுவாக்கில் என் பழைய கேள்வியை அவரிடம் போட்டேன்.

"லோடுதான், அதாவது தூக்குற எடைதான் சார் மெயின்," என்றார். "தசை இழுபடணும், வாரத்துக்கு வாரம் வேலை கூடணும், சாப்பிடணும், தூங்கணும். பம்ப் வந்தா, அந்தத் தசை நல்லா வேலை செஞ்சிருக்குன்னு ஒரு அடையாளமா எடுத்துக்கலாம். செல் வீங்கறதாலயும் கொஞ்சம் வளரலாம்னு சொல்றவங்க இருக்காங்க. இன்னும் யாரும் உறுதியாச் சொல்லல."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நானா? எனக்குப் பம்ப் வராத நாள்ல டல்லா இருக்கும் சார்," என்று சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை நண்பன் வீட்டுக்கு வந்தான். ஜிம்மை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடற்பயிற்சி செய் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கேளம்பாக்கம் ஜிம்முக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்றுகொண்டான்.

"மச்சான், நெசமா சொல்லு. இத்தினி வருசம் ஆச்சே, எதாச்சும் தெரிஞ்சுகினியா? பம்ப் வந்தா வளருமா, வளராதா?"

தெரிந்ததை எல்லாம் சொன்னேன். லோடு என்றேன், அடையாளம் என்றேன், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் சொல்வது பிடிபடாமல் போனது. அவன் பொறுமையாகக் கேட்டான்.

"ஒண்ணும் புரில," என்றான். "சரி, எவ்ளோ வெயிட் வெக்கட்டும்?"

"மொதல்ல லேசா வை. அப்புறம் ஏத்திக்கலாம்."

முக்கால் மணி நேரம் செய்தோம். அவனுக்கு மூச்சு வாங்கியது, நடுநடுவே உட்கார்ந்துகொண்டான், ஆனால் பாதியில் விடவில்லை. வெளியே வந்ததும், பசி உயிர் போகிறது என்றான். ஜங்ஷன் பக்கம் நடந்தோம். ஒரு ஓட்டலில் ஆளுக்கு நாலு இட்லி சொன்னோம். அவன் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டான்.